பல் கிளினிக்குக்கு மென்பொருள்: நோட்டா, சர்வரா, கிளவுடா?

பல் மருத்துவ மென்பொருளை விற்க வருபவர்கள் முதலில் திறந்து காட்டுவது அந்த வண்ணப் பல் வரிசையைத்தான். ஒரு பல்லைத் தொட்டால் சொத்தை சிவப்பாகத் தெரியும். இன்னொரு முறை தொட்டால் கேப் ஏறிவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் பலர், சில மாதங்களில் அப்பாயின்ட்மென்டை மட்டும் அதில் போட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் பழையபடி நோட்டில் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இது: "ரூட் கெனால் முடிந்து, வலி நின்றதும் கேப் போட வராமல் போனவர்கள் யார் யார்?" அரை நிமிடத்தில் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பட்டியல் வர வேண்டும். ரூட் கெனால் செய்த கடைவாய்ப்பல்லைக் கேப் இல்லாமல் விட்டால், அது மென்று மென்று ஒருநாள் பிளந்துபோகலாம். அப்புறம் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். செய்த வேலை வீண், வர வேண்டிய வருமானமும் இல்லை, நோயாளியின் கோபம் மட்டும் மிச்சம். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

பொது மருத்துவரிடம் ஒருவர் போனால் பெரும்பாலும் ஒரு வருகை, ஒரு சீட்டு, ஒரு பில். பல் கிளினிக்கில் ஒரே பல்லுக்கு மூன்று நான்கு வருகை. நடுவில் அளவு எடுத்து லேபுக்குப் போகும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கேப் வரும். இம்ப்ளான்ட் என்றால் எலும்போடு சேர பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டால் ஒன்றரை, இரண்டு வருடம் இழுக்கும். பணமும் தவணை தவணையாக வரும். திட்டமிட்டது, நேரம் கொடுத்தது, முடித்தது, லேபில் இருப்பது, வாங்கிய பணம், பாக்கி எல்லாம் ஒரே பல்லின் பெயரில் கோர்த்திருக்க வேண்டும். கோர்வை எங்கே அறுகிறதோ அங்கே நோயாளி நழுவிவிடுகிறார்.

நோட்டும் எக்செலும்

இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. ஒரு நாற்காலி, ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர் என்றிருக்கும் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் நோட்டும் நோயாளிக்கு ஓர் அட்டையும் நன்றாகவே ஓடும். மின்சாரம் போனாலும் நோட்டு திறக்கும். யாருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டாம். மருத்துவருக்கே பாதி நோயாளிகளை முகம் பார்த்தால் தெரியும்.

எழுதி வைப்பதில் நோட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. திருப்பிக் கேட்கும்போதுதான் அது கைவிடும். ஒரு நோயாளியின் அட்டையை எடுக்கலாம். ஆனால் "கேப் போடாதவர்கள் எல்லோரும்" என்று கேட்டால் அலமாரி முழுவதையும் புரட்ட வேண்டும். சரி, எக்செலுக்குப் போகலாம் என்றால் முதல் நாளே ஒரு குழப்பம் வரும்: ஒரு வரி என்பது ஒரு நோயாளியா, ஒரு வருகையா, ஒரு பல்லா? எதை வைத்தாலும் மற்ற இரண்டும் இடிக்கும். போதாததற்கு, ரிசப்ஷனில் ஒருவரும் உள்ளே ஒருவரும் ஒரே கோப்பைத் திறந்தால் யார் எழுதியது நிற்கும் என்று தெரியாது. பழைய தொகையை யாராவது மாற்றினால் தடம் பெரும்பாலும் இருக்காது.

ஆனாலும் எக்செலில்தான் இருப்பேன் என்பவர்கள் தனியாக ஒரு தாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பாதியில் நின்ற சிகிச்சைகள். நோயாளி, பல் எண், அடுத்து செய்ய வேண்டியது, கடைசியாக வந்த நாள். வாரம் ஒருமுறை அதைப் பார்த்துப் போன் செய்தாலே, வாங்கிப் போட்டுவிட்டுத் திறக்காத மென்பொருளைவிட அதிகம் பயன் தரும்.

பொது கிளினிக் மென்பொருள்

மலிவாகக் கிடைக்கும், மருந்துச் சீட்டு அழகாக அச்சாகும். ஆனால் பல் என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. "36ல் வேர் சிகிச்சை" (36 என்பது பல்லின் எண்) என்பது அங்கே வெறும் குறிப்பு; நாளைக்கு அதை வைத்துத் தேடவோ எண்ணவோ முடியாது. பெரிய மருத்துவமனைக்குள் ஒரு பல் பிரிவாக இருந்து, பில் ஒரே இடத்தில் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் ஒழிய இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பல்லுக்கென்றே செய்தவை

மிச்சம் இரண்டு: கிளினிக்கிலேயே ஒரு சர்வரில் நிறுவி ஓட்டுவது, உலாவியில் திறக்கும் கிளவுட். டென்ட்ரிக்ஸ், ஈகிள்சாஃப்ட், ஓப்பன் டென்டல் ஆகியவை முதல் வகையில் வளர்ந்தவை. கர்வ் டென்டல், டென்ட்ரிக்ஸ் அசென்ட் ஆகியவை இரண்டாவது வகை. பெயரில் ஒரு பொறி இருக்கிறது: டென்ட்ரிக்ஸும் டென்ட்ரிக்ஸ் அசென்டும் ஒரே குடும்பத்துப் பெயர்தான், ஆனால் தனித்தனி மென்பொருள்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது பதிப்பை ஏற்றுவது போன்ற வேலை இல்லை. தரவை முழுக்க இடம் மாற்ற வேண்டும்.

எந்த வகையானாலும் முதலில் பார்க்க வேண்டியது பல் எண் முறை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் எஃப்.டி.ஐ. முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் புழங்கும் யுனிவர்சல் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல். ஒரு முறையில் பழகியவர் கையில் மற்ற முறையில் அமைந்த திரையைக் கொடுத்தால், தவறான பல்லில் பதிவு விழும்; லேபுக்கும் தவறான எண் போகும். அமைப்புகளில் ஒரே சொடுக்கில் இதை மாற்ற முடிய வேண்டும். மாற்றிய பின் அச்சாகும் பில்லிலும் பரிந்துரைக் கடிதத்திலும்கூட எண் மாறுகிறதா என்று பாருங்கள். திரையில் மாறி, தாளில் மாறாமல் இருந்தால் அது இன்னும் ஆபத்து.

இன்னொரு சோதனை, எட்டு ஒன்பது வயதுக் குழந்தை. பால் பல்லும் நிரந்தரப் பல்லும் கலந்த வாய். எஃப்.டி.ஐ. எண்ணில் சொன்னால், விழுந்த பால் பல் 51க்குப் பதில் முளைத்த நிரந்தரப் பல் 11ஐயும், இன்னும் ஆடாமல் இருக்கும் பால் பல் 53ஐயும் ஒரே படத்தில் காட்டத் தெரிய வேண்டும். "குழந்தை", "பெரியவர்" என்று இரண்டு படம் மட்டும் வைத்திருக்கும் மென்பொருள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தைக் குறிக்கும் ஈறு அளவுகளும் அப்படித்தான். ஒரு பல்லுக்கு ஆறு இடம், 32 பல் இருந்தால் 192 எண்கள். ஒவ்வொன்றுக்கும் மவுஸை நகர்த்தச் சொன்னால் எந்த உதவியாளரும் இரண்டாம் நாளே கைவிட்டுவிடுவார். விசைப்பலகையில் எண்ணை மட்டும் தட்டத் தட்டக் கட்டம் தானாக நகர வேண்டும்.

சர்வரா, கிளவுடா

இந்த விவாதம் பெரும்பாலும் இணைய வேகத்தில் தொடங்கும். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்-ரே.

வாய்க்குள் வைக்கும் டிஜிட்டல் சென்சார் யு.எஸ்.பி. கம்பி வழியாக ஒரு கணினியோடு பேசுகிறது. சென்சார் நிறுவனம் தரும் டிரைவர் என்ற இயக்கு நிரல் அந்தக் கணினியில் இருந்தாக வேண்டும். உலாவி மட்டும் போதும் என்று சொல்லும் கிளவுட் மென்பொருளும், படம் எடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்ன இணைப்பு நிரலை நிறுவத்தான் சொல்லும். உங்கள் சென்சார் மாடலோடு அது பேசுமா என்பதை விற்பவரின் வாயால் கேட்டு நம்பாமல், உங்கள் சென்சாரை வைத்தே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சில மென்பொருள்களில் படம் தனி நிரலில் திறக்கும், நோயாளியின் பெயர் மட்டும் இங்கிருந்து அங்கே போகும். அதுவும் வேலைக்கு ஆகும். ஆனால் நாளைக்கு மென்பொருளை மாற்றினால் படங்கள் எங்கே இருக்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சின்ன எக்ஸ்-ரே படங்களின் அளவு பெரிய பாரமில்லை. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் வேறு கதை. ஒரே ஸ்கேன் சில நூறு மெகாபைட் வரை போகும். சொந்தமாக சி.பி.சி.டி. இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதையெல்லாம் கிளவுடில் ஏற்றி இறக்கிப் பார்ப்பதற்குள் நோயாளி நாற்காலியில் தூங்கிவிடுவார். அவர்களுக்கு ஸ்கேன்கள் உள்ளே ஒரு சேமிப்பகத்திலும் மற்றவை கிளவுடிலுமாகப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

அடுத்தது இணையம் நிற்பது. சர்வர் உள்ளே இருந்தால் இணையம் போனாலும் வேலை நடக்கும். குறுஞ்செய்தி மட்டும் தாமதமாகும். கிளவுடில் திரையே இருண்டுவிடும். இதற்குப் பயந்து கிளவுடை ஒதுக்க வேண்டியதில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட் ஒன்றை மாற்றாக வைத்துக்கொண்டு, தினமும் மாலையில் மறுநாள் அப்பாயின்ட்மென்ட் பட்டியலை, பெயர், எண், செய்ய வேண்டிய வேலை, ஒவ்வாமை எச்சரிக்கை ஆகியவற்றோடு ஒரு தாளில் அச்சிட்டுவிட்டால், ஒரு மணி நேரத் தடங்கலைச் சமாளித்துவிடலாம். இணையம் தினமும் பலமுறை அறுந்து அறுந்து வரும் இடமென்றால் வாதமே வேண்டாம், சர்வர்தான்.

சர்வரை எடுப்பவர்கள் அதோடு ஒரு பொறுப்பையும் எடுக்கிறார்கள்: பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று கிளினிக்குக்கு வெளியே என்ற பழைய விதி இன்னும் செல்லும். நடைமுறையில் இரண்டு ஓட்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஒன்று, தரவுத்தளம் மட்டும் பேக்கப் ஆகும். எக்ஸ்-ரே படங்கள் இருக்கும் கோப்புறை தனியாக வேறிடத்தில் இருப்பதால் விட்டுப்போகும். சர்வர் போன அன்று பெயர்கள் எல்லாம் திரும்பி வரும், படம் ஒன்றுகூட வராது. இரண்டாவது, பேக்கப் எடுத்த வன்தட்டை எப்போதும் கணினியிலேயே செருகி வைப்பது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தால் அதையும் சேர்த்தே பூட்டிவிடும்.

பேக்கப்பை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் பல் கிளினிக்குகளுக்கென்றே தரவைப் பிரதி எடுத்துக் காக்கும் சேவை ஒன்றின் வழியாகவே ரான்சம்வேர் நுழைந்து, சுமார் 400 கிளினிக்குகள் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியாமல் நின்றன. எந்தச் சேவையாக இருந்தாலும் துண்டித்து வைத்த ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதிலிருந்து ஒரு நோயாளியின் பதிவைப் படத்தோடு மீட்டெடுத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

சர்வரின் இன்னொரு தலைவலி, பழசாகிப் போவது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. புது விண்டோஸுக்கு மாறலாம் என்றால் பழைய சென்சாரின் டிரைவர் அதில் ஓடாமல் போகலாம். மாறாமல் இருந்தால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. கணினி, விண்டோஸ், தரவுத்தளம், டிரைவர் நான்கும் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். கிளவுடில் இந்தத் தொல்லை படம் எடுக்கும் கணினியோடு நின்றுவிடுகிறது. தொழில்நுட்ப ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத சின்ன கிளினிக்குக்கு இது ஒன்றே கிளவுடுக்குப் போதுமான காரணம்.

பணத்தை ஒப்பிடும்போது முதல் வருடத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஐந்து வருடத்தைப் போடுங்கள். சர்வர் பக்கம் உரிமக் கட்டணம், வருட ஆதரவுக் கட்டணம், சர்வர் கணினி, யு.பி.எஸ்., பேக்கப் சாதனங்கள், பழுது பார்க்க வருபவரின் கட்டணம். கிளவுட் பக்கம் மாதச் சந்தா. அந்தச் சந்தா மருத்துவர் தலைக்கா, நாற்காலிக்கா, கிளைக்கா என்பதுதான் விஷயம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வந்துபோகும் கம்பி மருத்துவருக்கும் வாய் அறுவை மருத்துவருக்கும் முழுச் சந்தா கேட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். குறுஞ்செய்தி, கூடுதல் சேமிப்பு, இணையத்தில் நேரம் பதியும் வசதி ஆகியவை சந்தாவுக்குள் வருமா, வெளியிலா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு கிளைகளுக்கு மேல் இருந்து, நோயாளிகள் இங்கும் அங்கும் போய்வருபவர்களாக இருந்தால் கிளவுட்தான். சர்வரை வைத்தும் கிளைகளை இணைக்கலாம். ஆனால் அதைப் பராமரிக்க ஒரு ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்.

வெளியேறும் வாசல்

வாங்கும் நாளில் யாரும் கேட்காத கேள்வி: நான் விட்டுவிட்டுப் போனால் என் தரவு எப்படி வரும்? "எல்லாம் ஏற்றுமதி செய்யலாம்" என்பார்கள். பெரும்பாலும் வருவது பெயர், முகவரி, தொலைபேசி கொண்ட, எக்செலில் திறக்கும் ஒரு சி.எஸ்.வி. கோப்பு. சிகிச்சைக் குறிப்புகள்? பல் வாரியான வரலாறு? பாக்கித் தொகை? எக்ஸ்-ரே படங்கள் வந்தாலும், யாருடையது என்று தெரியாத எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகளாக வந்தால் பயனில்லை. படங்கள், மருத்துவப் படங்களுக்கான பொது வடிவமான டைகாமில் வந்தால் நல்லது. நோயாளியின் பெயரும் தேதியும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

இந்த விஷயத்தில் ஓப்பன் டென்டல் போன்றவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் தரவுத்தள அமைப்பு ஆவணம் பொதுவெளியில் கிடைக்கிறது. எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் படித்துக்கொள்ளலாம். மூடிய வடிவில் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளில், நிறுவனமே மனது வைத்தால்தான் தரவு வெளியே வரும். குழந்தைகளின் பதிவுகளை அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரையாவது வைத்திருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் இருக்கிறது. சந்தா நின்ற பிறகும் பழைய பதிவைத் திறந்து படிக்க முடியுமா என்பது அதனால்தான் முக்கியம்.

ஒரு சோதனை நோயாளி

இலவசச் சோதனைக் காலத்தில் எல்லா மெனுவையும் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு கற்பனை நோயாளியைப் போட்டு, அவரை முழுப் பயணமும் அனுப்புங்கள். 36ல் ரூட் கெனாலும் கேப்பும் திட்டம். பென்சிலினுக்கு ஒவ்வாமை. பாதிப் பணம் முன்பணம். இரண்டாவது வருகையை ரத்து செய்து பிறகு வருகிறார். அளவு எடுத்து லேபுக்கு அனுப்பியாகிவிட்டது. குறித்த நாளில் கேப் வரவில்லை.

இப்போது கேளுங்கள். பென்சிலின் வகை மருந்தான அமாக்சிசிலின் எழுதும்போது எச்சரிக்கை குறுக்கே வந்து நிற்கிறதா, ஓரத்தில் சின்னதாக ஒளிந்திருக்கிறதா? வாங்கிய முன்பணம் இன்னும் செய்யாத வேலைக்கானது என்று தனியாகத் தெரிகிறதா, இன்றைய வருமானத்தில் கலந்துவிட்டதா? கேப் வரவில்லை என்பது, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தெரிகிறதா, முந்தைய நாளே ரிசப்ஷனுக்குத் தெரிகிறதா? ரத்தான அந்த நேரத்துக்கு, முன்னதாக வரத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் கிடைக்கிறதா? கடைசியாக, இவர் திரும்ப வராமலே போனால், அந்த "கேப் போடாதவர்கள்" பட்டியலில் இவர் பெயர் வருகிறதா?

இதையெல்லாம் நீங்களே செய்து பார்க்காமல் ரிசப்ஷனில் இருப்பவரைச் செய்ய விடுங்கள், அதுவும் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு. நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டப் போகிறவர் அவர்தான்.

மறு பரிசோதனை நினைவூட்டலை எல்லோருக்கும் ஆறு மாதம் என்று பூட்டிவைத்திருக்கும் மென்பொருளும் உண்டு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2004இலேயே, நோய் வரும் வாய்ப்பைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதிகபட்சம் 12 மாதம் என்று இடைவெளியைப் பிரித்துச் சொல்லிவிட்டது. ஈறு நோய் உள்ளவருக்கும் சொத்தையே இல்லாதவருக்கும் தனித்தனி இடைவெளி வைக்க முடிய வேண்டும்.

ஆளுக்கொரு கடவுச்சொல், அழித்த ரசீதுக்கும் தடம், தள்ளுபடிக்கு மருத்துவரின் அனுமதி. இந்த மூன்றும் இல்லாததை எடுக்கவே வேண்டாம். மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

என் தேர்வு

ஒரு நாற்காலி, புதிதாகத் தொடங்கும் கிளினிக்: சின்ன கிளவுட் திட்டம், ஆனால் வருடச் சந்தா கட்டாமல் மாதச் சந்தாவாக. மூன்று நான்கு நாற்காலி, நிலையான இணையம், தொழில்நுட்ப ஆள் இல்லை: இதற்கும் கிளவுட். சொந்த சி.பி.சி.டி. இயந்திரம், நிறைய இம்ப்ளான்ட் வேலை, கணினி தெரிந்த ஒருவர் கூடவே இருக்கிறார்: சர்வர், அதிலும் தரவுத்தளம் திறந்த வகையாக இருந்தால் நல்லது. பழைய சர்வர் மென்பொருள் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, மேலே சொன்ன பட்டியலை அது கொடுக்கிறது என்றால் மாறாதீர்கள். பேக்கப்பையும் விண்டோஸையும் மட்டும் சரிசெய்யுங்கள்.

மாறுவது என்று முடிவானால், பத்து வருடப் பழைய அட்டைகளையெல்லாம் தட்டச்சு செய்ய ஆள் வைக்காதீர்கள். நடப்பில் இருக்கும் சிகிச்சைகள், பாக்கி, ஒவ்வாமை, நீண்டநாள் மருந்துகள் ஆகியவை முதலில் ஏறட்டும். மற்றவர்களின் பதிவு, அவர்கள் அடுத்த முறை வரும் நாளில் ஏறினால் போதும். அதுவரை அட்டை அலமாரியில் இருக்கட்டும். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதியை முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பின் அப்பாயின்ட்மென்ட் நோட்டு ரிசப்ஷன் மேசையில் இருக்கக் கூடாது. இருந்தால் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.